தனித்துப் பாடத் தயங்கும் பிள்ளை

ஒரு தாயார் எழுதிய மடல் நமது மேசைமீது இரண்டு வாரமாகக் கிடக்கிறது. நான்கு பக்கம் நெருக்கி எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் கர்நாடக சங்கீதத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்று மூன்றாம் ஆண்டை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது நமக்கு வேண்டியதில்லை. கூட்டாகப் பாடும்போது அவளுடைய குரலே மற்றக் குரல்களைத் தாங்கி நிற்கும் என்று பலரும் பாராட்டுவார்களாம். ஆனால் சென்ற அரையாண்டில் மாணவர் அரங்கொன்றில் தனியே பாட அமர்ந்தபோது, கிருதியின் சரணத்தில் இரண்டாம் அடி அவளுக்கு மறந்து போயிற்று. வயலின் வாசித்தவர் முந்திய அடியையே திரும்ப வாசித்து ஈடு கொடுத்துப் பார்த்தார். பிள்ளையோ தாளத்தையும் விட்டுவிட்டு, சபையைக் கையெடுத்துக் கும்பிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று தொடக்கம் வீட்டில் பாட்டே இல்லை. சுருதிப் பெட்டியின்மீது துணி போர்த்திக் கிடக்கிறது.

இறுதியாண்டுத் தனிக் கச்சேரிக்கு இன்னும் ஐந்து மாதமே உண்டு. “இவளுக்கு மேடை ஒத்துவராது, விட்டுவிடச் சொல்லுங்கள் என்று இனத்தவர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடலாமா?” என்று கேட்கிறார் அந்தத் தாயார்.

அம்மையாரே, உடனே பதில் எழுதாமைக்கு மன்னியுங்கள். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் பலர் இருக்கின்றார்கள் என்பதாலேயே தனி மடலாக எழுதாமல் இப்பகுதியில் எழுதுகிறேன்.

அடி மறந்தது ஒரு குற்றமன்று. பெரிய வித்துவான்களுக்கும் சாகித்தியம் நழுவுவது உண்டு. கேட்பவர்களிற் பாதிப்பேருக்கு அது தெரிவதுகூட இல்லை. உங்கள் மகள் எழுந்து போனதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மறந்தால் அடுத்த கணத்தில் என்ன செய்வது என்பதை அவள் ஒருநாளும் பழகவில்லை. பாடுவது ஒரு வித்தை. தனித்துப் பாடுவது அதனோடு சேர்ந்த இன்னொரு வித்தை. முன்னது கைவந்தால் பின்னது தானாக வந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

குருகுலத்தில் இந்த இரண்டாவது வித்தையை எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மாணாக்கன் குருவின் பின்னால் தம்புராவோடு மேடையில் அமர்ந்தான். குரு மூச்சு வாங்கும் இடத்தில் அவன் சுருதியைப் பிடித்தான். குரு கண் காட்டினால் ஒரு சங்கதியைப் பாடினான். குரு ஓரிடத்தில் தடுமாறியபோது எப்படிச் சமாளித்தார் என்பதையும் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தான். தன் பெயரில் முதற் கச்சேரி செய்யும் நாள் வருமுன் அவன் எத்தனையோ கச்சேரிகளில் இருந்தெழும்பிவிட்டான்.

பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு வேறு. ஒரு மணி நேர வகுப்பு. பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஆசிரியர் பாட எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். இம்முறையைக் குறை சொல்ல நான் வரவில்லை. இது இல்லாவிட்டால் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் சங்கீதத்தின் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரிக்குக் கடல் கடந்து சென்று, சங்கீத பூஷணம் என்ற பட்டத்தோடு திரும்பி, இந்நாட்டுப் பாடசாலைகளிற் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்கள் பலர். மருதனார்மடத்தில் 1960ஆம் ஆண்டில் இராமநாதன் நுண்கலைக் கழகம் தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அதன் அதிபராக இருந்து கற்பித்தார்கள். 1975ஆம் ஆண்டில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. நம் பிள்ளைகள் உள்ளூரிலேயே சங்கீதத்திற் பட்டம் பெறும் வழி அவ்வாறு திறந்தது. இது சிறிய காரியமன்று.

எனினும் கூட்டாகப் பாடுவதில் ஒரு மயக்கம் உண்டு. எனக்கு ஒரு சொல் நழுவினால் பக்கத்தில் இருப்பவள் அதைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு நழுவினால் நான். இருவருமே பாட்டு முழுவதும் தெரியும் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போவோம். தனியே அமரும் நாளில்தான் எது தனக்குச் சொந்தம், எது பக்கத்துப் பிள்ளையினுடையது என்பது வெளிக்கிறது. உங்கள் மகளுக்கு அன்று நேர்ந்தது இதுவே என்று எண்ணுகிறேன்.

சுருதியிலும் இதே கதைதான். எல்லோருக்கும் பொதுவாக வைத்த சுருதி ஒருவருக்கும் முழுதாகப் பொருந்தாது. பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை என்றும், ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டு என்றும் வழக்கம் இருந்தாலும், அது வழக்கமேயன்றி விதியன்று. மந்தர பஞ்சமத்தில் குரல் காற்றாய்ப் போகாமலும், தார பஞ்சமத்தில் கழுத்து நரம்பு புடைக்காமலும் எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதுவே அவளுடைய சுருதி. இதை என் சொந்த அவமானத்தாற் கற்றேன். வாலிப வயதில் ஒரு கலியாண வீட்டில், குரல் கணீரென்று கேட்கவேண்டும் என்ற ஆசையில் மூன்று கட்டைக்குச் சுருதியை ஏற்றிக்கொண்டு அமர்ந்தேன். வர்ணம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது கிருதியின் அநுபல்லவியில் மேல் காந்தாரத்துக்குப் போனேன். திரும்பி வந்தது நான் மட்டுமே, குரல் வரவில்லை. பந்தியிலிருந்த ஒரு பெரியவர், “தம்பிக்குத் தண்ணீர் கொடுங்கோ” என்றார். இன்றும் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

நிற்க. இனி, ஐந்து மாதத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் மாதம் மேடை என்ற பேச்சே வேண்டாம். மறந்த அந்தக் கிருதியையே எடுக்கச் சொல்லுங்கள். அது தெலுங்குக் கிருதி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பிள்ளைகள் தெலுங்குச் சாகித்தியத்தைத் தமிழெழுத்தில் எழுதிவைத்து, பொருள் அறியாமல், கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கிறார்கள். பொருளற்ற ஒலித் தொடரை நினைவு ஒரே சங்கிலியாகத்தான் வைத்திருக்கும். ஒரு வளையம் அறுந்தால் மீதி முழுவதும் கிணற்றில் விழும். ஆகையால் அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதவேண்டும். இந்த அடியில் யாரை விளிக்கிறார், அடுத்த அடியில் என்ன முறையிடுகிறார் என்று தெரிந்தால், சொல் நழுவினாலும் எண்ணம் நழுவாது. எண்ணம் சொல்லை இழுத்துக்கொண்டு வரும். அதன்பின் சாகித்தியத்தை இராகமில்லாமல் வாசிக்கவேண்டும், பார்க்காமல் எழுதவேண்டும், பல்லவியிலிருந்து அல்லாமல் சரணத்தின் நடுவிலிருந்து சடுதியாகத் தொடங்கிப் பாடவேண்டும். தம்பி தங்கைமார் யாராவது ஒரு சொல்லைச் சொல்ல, அவ்விடத்திலிருந்து அவள் பாடட்டும். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டாவது காரியம், நிறுத்தாமற் பாடுவது. வீட்டில் சாதகம் செய்யும்போது பிழை வந்த இடத்தில் நிறுத்தி, திருத்தி, மீண்டும் தொடங்குகிறோம். அது வேண்டியதே. ஆனால் நாள்தோறும் அதையே செய்தால், பிழை வந்தால் நிற்கவேண்டும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மேடையிலும் அவ்வாறே நிற்கிறது. ஆகவே நாளில் ஒருமுறையாவது, தொடங்கிய உருப்படியை என்ன நேர்ந்தாலும் முடிவுவரை பாடியே தீர்வது என்று வைத்துக்கொள்ள வேண்டும். சொல் மறந்தால் முந்திய அடியை இன்னொரு சங்கதியோடு திரும்பப் பாடலாம். அகாரமாக அந்த ஆவர்த்தனத்தை நிரப்பலாம். அதுவும் இயலாவிட்டால் பல்லவிக்குத் திரும்பிவிடலாம். பல்லவி எப்போதும் வீட்டு வாசல் போல் திறந்தே கிடக்கிறது. கையில் தாளம் மட்டும் நிற்கக் கூடாது. தாளம் ஓடிக்கொண்டிருந்தால் பக்கவாத்தியக்காரர் இருவரும் கூடவே வருவார்கள். சபைக்கு ஒன்றும் தெரியாது. சில நாட்களில் வேண்டுமென்றே ஒரு அடியைத் தவறவிட்டு மீண்டு வந்து பழகுவதும் நல்லது.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சுக் குறுகும், உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் அதனாற் காலப்பிரமாணம் கூடிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாடி வேகமாக அடிக்கும்போது, வீட்டில் சரியாக இருந்த காலம் மந்தமாகத் தோன்றும்; பாடகி தன்னை அறியாமலே விரைவாய் எடுப்பாள்; பின்பு சரணத்துச் சங்கதிகள் வாய்க்குள் அடங்கமாட்டா. இதற்கு மருந்து எளிது. எடுக்குமுன் அந்த உருப்படியின் மிக நெருக்கமான அடியை மனத்துக்குள் ஒருமுறை பாடி, அதற்கு ஏற்ற தாளத்தைத் தொடையில் இரண்டு ஆவர்த்தனம் போட்டுப் பார்த்து, அதன்பின் வாயைத் திறக்கவேண்டும். சபை காத்திருக்கும்; ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பயத்தை முற்றாகப் போக்கிவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கூட வரும். கூட வந்தாலும் பாடமுடியும் என்று பலமுறை கண்டபின் அதன் மிரட்டல் குறையும்.

மனோதர்மம் என்றவுடன் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். கற்பித்ததைப் பாடுவது கல்பித சங்கீதம். தானே கற்பனை செய்வது மனோதர்மம். தனிக் கச்சேரியில் இரண்டாவதுதான் ஆளைக் காட்டும். ஆனால் கற்பனை என்பது வானத்திலிருந்து விழுவதன்று. ஐந்து மாதத்தில் ஐந்து இராகங்களை மேய்வதை விட, ஒரேயொரு இராகத்தோடு இரண்டு மாதம் இருப்பது மேல். தோடியோ கல்யாணியோ, ஆசிரியர் சொல்வதை எடுக்கட்டும். அந்த இராகத்தில் தான் கற்ற வர்ணத்தையும் கிருதிகளையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிடியும் எங்கே தொடங்கி எங்கே ஓய்கிறது என்று பார்க்கட்டும். ஆலாபனைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கேயே கிடக்கிறது.

கற்பனைச் சுரத்தில் இறுதிக் கோர்வை பலரை இடறிவிடுகிறது. இது கணக்கு, பயப்பட ஒன்றுமில்லை. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு சுரம் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. சமத்தில் எடுப்பு இருக்கும் பாட்டுக்கு, சமத்தில் தொடங்கி 17 எண்ணிக்கை பாடிவிட்டு, ஐந்து சுரம் கொண்ட ஒரு தொடரை மூன்று முறை சொன்னால் 15, கூட்டினால் 32. சரியாக எடுப்பில் வந்து விழும். அரை அட்சரம் தள்ளி எடுப்பு என்றால் 17க்குப் பதிலாக 19. இவ்வளவுதான். இதை விரல்களில் எண்ணி, பின்பு எண்ணாமலே வரும்வரை பாடினால், மற்றக் கோர்வைகளுக்கும் துணிவு வந்துவிடும். எண்ணுவது தெரியும்படி முகத்தைச் சுளிக்கக் கூடாது என்பது மட்டும் பிற்சேர்க்கை.

பக்கவாத்தியத்தோடு பழகாமல் நேரே மேடையேறுவது பெருந்தவறு. ஆலாபனையில் ஒரு வாக்கியத்தை முடித்து வயலினுக்கு இடம் விடவேண்டும். விடாவிட்டால் அவர் உங்கள் மகளின் நிழலாகவே ஓடிக் களைப்பார். நிரவலில் அவள் ஓர் ஆவர்த்தனம், அவர் ஓர் ஆவர்த்தனம். இன்னுமொன்று, எவரும் சொல்லிக் கொடுக்காதது: தனி ஆவர்த்தனம் நடக்கும்போது தாளம் போடும் பொறுப்புப் பாடகியினுடையது. மிருதங்கக்காரர் திஸ்ர நடைக்கும் கண்ட நடைக்கும் போகும்போது தாளம் தள்ளாடினால், அதுவரை பாடியதெல்லாம் மறந்து அதையே சபை பேசும். ஆகவே ஒலிப்பதிவுகளில் நல்ல தனி ஆவர்த்தனங்களைப் போட்டுக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் அசையாமல் தாளம் போட்டுப் பழகட்டும். கைக்கும் அது நல்ல சாதகம். பொறுமைக்கும் நல்ல சாதகம்.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று நாம் கேட்கும் கச்சேரி ஒழுங்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) அவர்களால் நிலைபெற்றது என்பார்கள். தொடக்கத்திலே வர்ணம், பின்பு சிறிய கிருதிகள், நடுவிலே பிரதான உருப்படி, இறுதியிலே துக்கடாக்கள். மாணவிக்கு முக்கால் மணி நேரமே கிடைக்கும் என்றால், வர்ணத்துக்கு ஐந்து நிமிடம், பிள்ளையார்மீது ஒரு கிருதிக்கு ஐந்து, பிரதான இராக ஆலாபனைக்கு ஏழு, வயலினுக்கு நான்கு, கிருதிக்கு எட்டு, நிரவலும் சுரமும் ஆறு, தனி ஐந்து, முடிவில் ஒரு திருப்புகழோ தேவாரமோ நான்கு, மங்களம் ஒன்று, கூட்டினால் 45. கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தால் ஆலாபனை ஏழுக்குப் பதிலாகப் பன்னிரண்டு எடுப்பது தெரியவரும். வர்ணத்தை இலேசாக எண்ணவேண்டாம். கச்சேரியில் குரலும் கையும் மனமும் இணங்குவது அங்கேதான். நன்றாய்ப் பழகிய ஒன்றையே வைக்கவேண்டும். புதிதாய்க் கற்ற அடதாள வர்ணத்தைப் பரீட்சகருக்காக வைப்பது வீண் வீரம்.

மூன்றாம் மாதத்திலிருந்து சபை வேண்டும், பெரிய சபையன்று. சென்னையில் வீணை தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிலருக்கு மட்டும் வாசிப்பார் என்றும், அங்கே இடம் பெறுவதைப் பெரும் வித்துவான்களே பேறாக எண்ணினர் என்றும் அறிந்திருப்பீர்கள். சிறு கூட்டத்துக்கு முன் பாடுவது தாழ்ந்த காரியமல்ல. முதலில் நீங்களும் தகப்பனாரும். அடுத்த வாரம் பெரியம்மா வீட்டார். பின்பு சனசமூக நிலையத்து வாணிவிழா. மார்கழி விடியலில் கோயிலில் திருவெம்பாவை. கோயிலிற் பாடுவதில் ஒரு வசதி உண்டு: எல்லோருடைய கண்ணும் சுவாமிமீது இருக்கும், பாடுகிறவள்மீது அன்று. ஒவ்வொரு முறையும் கைத்தொலைபேசியிற் பதிவு செய்துகொள்ளட்டும். ஆனால் அன்றே கேட்க வேண்டாம். அன்று கேட்டால் அழுகைதான் வரும். இரண்டு நாள் கழித்து, பிறர் பாட்டைக் கேட்பது போலக் கேட்டு, மூன்று குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டால் போதும். அதில் ஒன்றாவது நன்றாய் வந்ததைப் பற்றியதாய் இருக்கவேண்டும்.

ஒலிவாங்கியைக் கண்டு மிரளும் பிள்ளைகளும் உண்டு. வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். மேற்தாயியில் தலையைச் சற்றுப் பின்வாங்குவது. தம்புராவின் ஒலி தன் காதுக்குக் கேட்கிறதா என்று தொடங்குமுன்னரே பார்த்துக்கொள்வது. வேறொன்றுமில்லை.

குரல் இனிமையானதல்ல என்று அவள் குறைப்படுவதாயும் எழுதியிருந்தீர்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவர்களுடைய குரல் இயற்கையில் இலகுவானதன்று என்பது சங்கீத உலகம் அறிந்தது. ஓயாத சாதகத்தால் அதை வசப்படுத்தி, 1947ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். உங்கள் மகளுக்கு விடியற்காலையில் அரை மணி மந்தர சாதகம், மாலையில் அரை மணி அகாரத்தில் வரிசைகள், இரவில் அரை மணி உருப்படி. ஒன்றரை மணியையும் ஒரே மூச்சில் பாடுவதை விட இப்படிப் பிரிப்பதனால் குரலும் களைக்காது, பாடமும் நன்றாய்ப் பதியும். தொண்டை நோகும் நாளில் வாய் மூடித் தாளம் மட்டும் போடட்டும்.

இனி உங்களுக்கு. அந்த ஒன்றரை மணியில் அவளைக் கடைக்கு அனுப்பாதீர்கள், குசினிக்குக் கூப்பிடாதீர்கள். தம்பிமார் அவளைப் போலப் பாடிக் காட்டிச் சிரிப்பதை நிறுத்துங்கள். அன்று எழுந்து போன கதையை விருந்தினர் முன் எடுக்கவேண்டாம். மேடை வேண்டாம், பட்டத்தை வாங்கிக்கொண்டு பாடசாலையிற் படிப்பித்தாற் போதும் என்று தகப்பனார் சொல்கிறாராமே. அதிற் பாதி உண்மை. எல்லோரும் கச்சேரி வித்துவான்களாக வேண்டியதில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாளுக்கு ஐந்து முறை தனியே பாடிக் காட்டுகிறவர்தானே சங்கீத ஆசிரியர்? அங்கே கும்பிட்டுவிட்டு எழுந்து போக வழியில்லை. ஆகையால் இப்பொழுது விட்டுவிடச் சொல்லவேண்டாம். கச்சேரியைப் பாடி முடிக்கட்டும். அதன்பின் மேடை வேண்டுமா, வகுப்பறை வேண்டுமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். பயத்தோடு எடுக்கும் தீர்மானம் வேறு, பாடி முடித்தபின் எடுக்கும் தீர்மானம் வேறு.

கச்சேரியன்று ஒரு போத்தலில் இளஞ்சூடான வெந்நீர் கொடுத்தனுப்புங்கள். மேடைக்குப் போகுமுன் “மறந்துவிடாதே” என்று மட்டும் சொல்லாதீர்கள். முன் வரிசையில் அமராமல், அவள் நிமிர்ந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியும்படி மூன்றாம் வரிசையில் அமருங்கள். அவளுக்கு ஒரு சொல் நழுவினாலும் உங்கள் கை தாளத்தை நிறுத்தாமல் இருக்கட்டும். எப்படிப் பாடினாள் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு முன்பாக, சுருதிப் பெட்டியின்மீது கிடக்கும் துணியை இன்று மாலையே எடுத்துவிடுங்கள்.